காலை ஆறு மணி வரை முப்பதாம் தேதி

விதி 2, உட்பிரிவு (இ): “நாள் என்பது, பொதுச் சீட்டுக் கவுண்டர் காலை ஆறு மணிக்குத் திறக்கப்படுவது முதல் மறுநாள் காலை ஆறு மணிக்கு அது மீண்டும் திறக்கப்படுவது வரையிலான காலத்தைக் குறிக்கும்.”

இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது விதிப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டியதாகவும் இருக்கலாம். ஆனால் என் வாழ்நாளில் நான் படித்த விதிகளிலேயே உலகத்தை உள்ளபடி சொன்ன விதி இது ஒன்றுதான். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு தனியார் படகுக் குழாமின் விதி அது. அந்தப் படகுக் குழாமில் வேலை செய்யும் ஒருவருக்கும் அப்படி ஒரு விதி இருப்பது தெரிந்திருக்கவில்லை. கண்டுபிடித்துச் சொன்னது நான்.

நான் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். டைம் ஆபீஸ் என்பது வாசலை ஒட்டிய அறை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யாருக்கு ஓ.டி., யாருக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். நான் சேர்ந்தபோது அங்கே உட்கார்ந்த முதல் பெண் நான். ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்ட பொது மேலாளர், என் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை என்று மைக்கில் சொன்னார். அவர் அந்தப் பதிவேட்டை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னது உண்மை.

டைம் ஆபீஸில் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், நாள் எப்போது தொடங்குகிறது என்பது. நாள் காலை ஆறு மணிக்கு, ஏ ஷிஃப்டோடு தொடங்கும். இரண்டு மணிக்கு பி ஷிஃப்ட், இரவு பத்து மணிக்கு சி ஷிஃப்ட். முப்பதாம் தேதி இரவு பத்து மணிக்கு உள்ளே வருபவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே போனாலும், அவர் வேலை செய்தது முழுக்க முப்பதாம் தேதிதான். நடுவில் பன்னிரண்டு மணிக்கு வெளியே தேதி மாறும். எங்கள் பதிவேட்டில் மாறாது. மாறினால் ஒரே ஆளுக்கு ஒரே வேலைக்கு இரண்டு தேதி வரும். சம்பளம் போடுகிறவன் பைத்தியமாகிவிடுவான்.

என் கணவரும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தார். பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்தும் இயந்திரத்தில் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று முப்பது வருடத்துக்கு மேல் மாறி மாறிப் போனவர். கல்யாணத்துக்கு முன்பே, தாமதமாக வந்ததற்காக அவர் சம்பளத்தில் மூன்று முறை அரை நாள் பிடித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் பெண் கேட்டு வந்தார் என்றால், அவரைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் வீட்டிலும் நாள் ஆறு மணிக்குத்தான் தொடங்கும். கூடத்தில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் தாளை ஆறு அடித்த பிறகுதான் கிழிக்க வேண்டும். அது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் காபிக்கு முன் அவர் செய்த ஒரே அலுவல் அதுதான். வலது கையை உயர்த்தி, மூலையைப் பிடித்து, ஒரே இழுப்பில் கிழிப்பார். ஒரு துணுக்குக்கூட மேலே தங்காது.

ஒரகடம் கூட்டு ரோட்டில், டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் அவர் வண்டி வழுக்கியது. எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்ததில் வலது தோள் இறுகிப் போனது. சட்டை போட ஆள் வேண்டும். தலை வாரவும் ஆள் வேண்டும். சுவர் ஓரம் நின்று விரல்களை மேலே நடத்திக்கொண்டு போகச் சொன்னாள், படப்பையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண். அவர் விரல் சுவிட்ச் போர்டு உயரம் வரை போய் நின்றுவிட்டது. அங்கே நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். நாள்காட்டியின் ஆணி அதற்கு இரண்டு முழம் மேலே இருந்தது.

தாளை நான் கிழிக்க ஆரம்பித்தேன். பின்னால் நின்று பார்ப்பார்.

“இன்னாம்மா, கோணலா கிழிக்கிற? மேல பாதி நிக்குது பாரு.”

“தேதி தெரியுதில்ல? அது போதும்.”

“டைம் ஆபீஸு பேசற பேச்சா இது?”

ஆணியை இரண்டு முழம் கீழே இறக்கி அடித்துவிடலாம் என்று ஒரு நாள் சொன்னேன். அவர் சுத்தியலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த ஆணிக்கு அவர் கை போக வேண்டும். ஆணி கைக்கு வரக் கூடாது. எனக்குப் புரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பட்டை கொடுத்தாள். ஜன்னல் கம்பியில் கட்டி தினமும் ஐம்பது முறை இழுக்க வேண்டும். இவர் கட்டினார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். நாற்பது டன் பிரஸ் ஓட்டிய மனிதரை ரப்பரை இழுக்கச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

அந்தச் சமயத்தில் பழைய சக ஊழியர் ஒருவரின் அறுபதாம் கல்யாண விருந்து, ஏரிக்கரைப் படகுக் குழாமில் நடந்தது. விருந்தாளிகளுக்கு அரை மணி நேரம் படகு இலவசம். எல்லோரும் மிதிபடகில் ஏறினார்கள். இவர் துடுப்புப் படகில் போய் உட்கார்ந்தார். துடுப்பு போடும்போது இரண்டு கையும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்; இடது கை இழுத்தால் வலது கையும் கூடவே போயாக வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டே அரை மணி நேரமும் போட்டார். இறங்கும்போது வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து விரல், பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே போனது.

“அங்கிள், இன்னா பண்ணீங்க?” என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

“படகு ஓட்னேன்.”

“வாரா வாரம் ஓட்டுங்க. அந்த ரப்பர எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க.”

வாரா வாரம் ஓட்டலாம்தான். ஒரு மணி நேரத்துக்கு நானூறு ரூபாய். லைஃப் ஜாக்கெட்டுக்குத் தனி வாடகை. நுழைவுக் கட்டணம் தனி. வண்டி நிறுத்தத் தனி. எங்கள் இரண்டு பேருடைய பென்ஷனையும் சேர்த்தால் வருகிற தொகையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, இ.பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே உறுப்பினர் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் மூன்று வழவழப்பான அட்டைகளை விரித்தாள். வெள்ளி, தங்கம், வைரம். வைரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவருக்குச் சாப்பாடு உண்டு.

“எங்களுக்கு மெழுகுவத்தி வேணாம்மா. கரண்ட் போனா வூட்லயே சாப்பிடறோம்,” என்றார் இவர்.

நான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். எந்தத் திட்டமாக இருந்தாலும் முன்பக்கம் விற்பதற்கு, பின்பக்கம் படிப்பதற்கு. வெள்ளி அட்டையின் பின்பக்கம், கடைசிக்கு முந்தின வரியில், பொடி எழுத்தில் ஒரு நான்காவது திட்டம் இருந்தது. அதிகாலைத் துடுப்புச் சந்தா, குடும்பத்துக்கு. சாப்பாடு கிடையாது, மோட்டார் படகு கிடையாது. துடுப்புப் படகு பாதி வாடகைக்கு. வாசல் ஐந்தரை மணிக்குத் திறக்கும். ஏழரைக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் வரை. மழைக்கோ காற்றுக்கோ ஏரி மூடப்பட்டால் அந்த மணி நேரம் கணக்கில் நிற்கும். சந்தா முடிவதற்குள் புதுப்பித்தால், நின்ற மணி நேரமும் பழைய சந்தாத் தொகையும் அடுத்த வருடத்துக்குத் தொடரும்.

“இதுல யாரும் சேந்ததில்ல மேம்,” என்றாள் அந்தப் பெண்.

“இருக்குதில்ல?”

“இருக்குது மேம். ஆனா யாரும் கேட்டதில்ல.”

கணக்குப் போட்டேன். தனித்தனியாக இரண்டு சந்தா எடுப்பதைவிடக் குடும்பச் சந்தா மலிவு. லைஃப் ஜாக்கெட் இரண்டு சொந்தமாக வாங்கினால் அந்த வாடகை மிச்சம். ஐந்தரை மணிக்கு வண்டி நிறுத்தக் காசு வாங்க ஆள் இருக்க மாட்டான். பதினோராவது ஞாயிற்றுக்கிழமையோடு சந்தாப் பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் லாபம். அப்படியே நடந்தது. பதினோராவது ஞாயிறு அன்று அவரிடம் சொன்னேன்.

“இன்னிலேர்ந்து நாம அவங்க துட்டுல படகு ஓட்டறோம்.”

“அவனுங்க கிட்ட சொல்லிடாத,” என்றார்.

ஸ்கூட்டரை நான் ஓட்டுவேன். அவர் பின்னால் இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஏ ஷிஃப்ட் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். தெரிந்த முகம் ஏதாவது ஜன்னலில் இருந்தால், “மேடம், இன்னும் ட்யூட்டியா?” என்று கத்தும். வாசலில் செக்யூரிட்டியின் நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெளிச்சம் வந்ததும் படகு இறங்கும். நான் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் துடுப்பு போடுவார். வலது துடுப்பு தண்ணீரில் ஆழமாக இறங்காததால் முதல் மாதம் முழுவதும் படகு வட்டமாகச் சுற்றியது. மூன்றாம் மாதம் நேராகப் போனது. ஏரியின் அந்தக் கரையில் பெரிய கிடங்கு ஒன்றின் தகரக் கூரை தெரியும். அதற்கு நேரே கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது என்று ஆனது.

சுவரில் கோடுகள் ஏறின. சுவிட்ச் போர்டு, அதற்கு மேல் கடிகாரத்தின் அடி, பிறகு கடிகாரத்தின் ஒன்பதாம் எண் உயரம். நவம்பரில் ஆணிக்கு நான்கு விரல் கீழே ஒரு கோடு. அவர் தானே சட்டை போட்டுக்கொண்டார். தானே தலை வாரினார்; வாருவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. பல ஞாயிறுகள் ஏரியை மூடினார்கள். முன்னால் கோடையில் காற்றுக்கு மூடிய வாரங்களும் சேர்ந்து பதினான்கு மணி நேரம் எங்கள் கணக்கில் நின்றது.

சந்தா நவம்பர் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அது சனிக்கிழமை. மத்தியானம் இவர் கேட்டார்.

“இன்னைக்கே போயி புதுப்பிச்சிட்டு வந்துடலாமா?”

“எதுக்கு ரெண்டு தடவ பெட்ரோலு? நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் போறோமே, அங்கயே கட்டிடலாம். ஆறு மணி வரைக்கும் முப்பதுதானே.”

“ஆமாமா,” என்றார்.

இரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. இதை நான் மறைக்காமல் எழுதியாக வேண்டும். அப்போது எனக்கு விதி 2(இ) தெரியாது. பழக்கத்தில் சொன்னேன். அவரும் பழக்கத்தில் தலையாட்டினார். சுங்குவார்சத்திரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஷிஃப்ட் வேலை பார்த்த எந்தக் குடும்பமும் இதே தவறைச் செய்திருக்கும். சென்னையில் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஐந்து முப்பத்தெட்டுக்குச் செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்திட்டேன். வாசல் மேசையில், சந்தாவைச் சரிபார்க்கும் கைக்கருவியோடு அதே கவுண்டர் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“மேம், எக்ஸ்பயரி காட்டுது. நேத்தோட முடிஞ்சிடுச்சி.”

“நேத்துன்னா எந்த நேத்து?”

“முப்பது மேம். இன்னைக்கு ஒண்ணு.”

“இன்னும் ஆறு ஆவலயேம்மா,” என்றார் இவர், அவளுக்காக வருத்தப்படுகிற குரலில்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சார், நைட்டு பன்னெண்டு மணிக்கே சிஸ்டம் லாக் ஆயிடும் சார்.”

“பதினாலு மணி நேரம் நின்னுதே?” என்றேன்.

“அதுவும் போயிடுச்சி மேம். புதுசா சேரணும். புது ரேட்டு ரெண்டு மடங்கு. இன்னைக்கு ஓட்டணும்னா ஃபுல் ரேட்டு.”

இவர் ஏற்கனவே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். முழு வாடகையைக் கொடுத்து, தனியாகப் போய்வரச் சொன்னேன். எனக்குக் கரையில் வேலை இருந்தது.

“உங்க விதிப் புத்தகத்தக் கொண்டாம்மா.”

“அது அந்தச் சுவத்துல மாட்டிக்கீது பாருங்க மேம்.”

“அது சுருக்கம். முழுப் புத்தகம்.”

கால் மணி நேரம் தேடி, மேலாளரின் மேசை அடியிலிருந்து எடுத்து வந்தாள். சுருள் கம்பி போட்டுக் கட்டிய இருபது பக்கம். மேலே காபி டம்ளர் வைத்த வட்டம். முதல் பக்கம் பெயரும் நோக்கமும். இரண்டாம் பக்கம் விளக்கங்கள். மூன்றாவது விளக்கம், நாள்.

மறுபடி படித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். நான் முப்பது வருடம் பதிவேட்டில் எழுதியதை யாரோ இங்கே அச்சடித்து, மேசைக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்கள். புத்தகத்தின் கடைசியில் விதி 14: எழுத்து மூலமான புகாருக்கு முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்.

அவளிடமே வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். மூன்று பத்தி. முதல் பத்தியில் நடந்தது. இரண்டாம் பத்தியில் விதி. மூன்றாம் பத்தியில் வேண்டுவது: நவம்பர் முப்பதாம் நாள் முடிவதற்கு இருபத்திரண்டு நிமிடம் முன்பே நாங்கள் வந்ததற்குச் செக்யூரிட்டி நோட்டு சாட்சி, ஆகவே பழைய தொகையில் புதுப்பித்து, பதினான்கு மணி நேரத்தையும் திருப்பித் தர வேண்டும். கெஞ்சும் சொல் ஒன்றும் இல்லை, திட்டும் சொல்லும் இல்லை.

ஏழேகாலுக்கு மேலாளர் வந்தார். நாற்பது வயதுக்காரர், கையில் இரண்டு போன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“மேடம், பன்னெண்டு மணிக்குத்தான் தேதி மாறும். உலகம் பூரா அப்படித்தான்.”

“உலகத்தோட விதி எனக்குத் தெரியாது சார். உங்களோடது பக்கம் ரெண்டுல கீது.”

பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “இது நா வர்றதுக்கு முன்னாடியே போட்டது மேடம்.”

“விதிங்க எல்லாமே நாம வர்றதுக்கு முன்னாடி போட்டதுதான்.”

“ஹெட் ஆபீஸுக்கு அனுப்பறேன்.”

“அனுப்புங்க. முப்பது நாளு. இந்த நகல்ல சீல் போட்டு, தேதியும் நேரமும் எழுதிக் குடுங்க.”

டிசம்பர் 1, காலை 7.20 என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மாதம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான் அன்று முழு வாடகை கொடுத்தது பொறுக்காமல் இவர், இனி ஒரு தடவை அப்படிக் கொடுத்தால் வரமாட்டேன் என்றார். வரவும் இல்லை. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ரப்பர் பட்டை மறுபடி ஜன்னலில் ஏறியது. முதல் வாரம் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாம் வாரம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. கணக்கு சரிதான், விதியும் சரிதான்; ஆனால் சனிக்கிழமை பெட்ரோல் மிச்சம் பிடித்தது நான். தோளுக்கு விதிப் புத்தகம் தெரியாது.

அன்று சாயங்காலம் சொன்னேன்.

“புது ரேட்டே கட்டிடறேன். வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து போலாம்.”

“நீ போட்ட கணக்கு தப்புன்னு ஒத்துக்கிறியா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்கு துட்டு கட்டணும்?”

“உங்க தோளுக்கு.”

“தோளு என்னுது. நா பாத்துக்கறேன்.” கொஞ்ச நேரம் ரப்பரை இழுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “முப்பது வருசம் உன் ஜன்னல்லதான் கார்டு பஞ்ச் பண்ணேன். ஆயிரத்தி முன்னூறு பேரு. ஒருத்தன் வந்து நீ தப்பா போட்டேன்னு சொன்னதில்ல. இப்ப எவனோ கம்ப்யூட்டர்ல பன்னெண்டு மணின்னு போட்டா நீ தப்பாய்டுவியா?”

“உங்களுக்கே மூணு அரை நாள் பிடிச்சிருக்கேன்.”

“அதுவும் கரெக்ட்டுதான். லேட்டாதான் வந்தேன்.”

முப்பத்தைந்து வருடத்தில் அதை அவர் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

டிசம்பர் முப்பத்தொன்று வரை பதில் வரவில்லை. மளிகைக் கடையில் கொடுத்த புது நாள்காட்டி உறை பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. பழையதில் ஒரே ஒரு தாள் பாக்கி. தலைமை அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதி, உறையில் போட்டு, பையில் வைத்தேன். விதி 14-இன் முப்பது நாள், விதி 2(இ)-இன்படி, மறுநாள் காலை ஆறு மணிக்கு முடியும். ஆறுக்கு முன் கொடுத்தால் அவசரப்பட்டதாக ஆகும். சரியாக ஆறு மணிக்குக் கவுண்டரில் நிற்பது என்று தீர்மானித்தேன்.

“நானும் வரேன்,” என்றார் இவர். ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாசல் வரை போனவர் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ரோடு முழுக்க வெள்ளைப் பெயிண்டில் புத்தாண்டு வாழ்த்து எழுதியிருந்தார்கள். பஸ்கள் இல்லை. டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர், “ஹாப்பி நியூ இயர் சார்,” என்றார்.

“இன்னும் ஆவல,” என்று சொல்லிவிட்டு இவர் டீயை வாங்கிக்கொண்டார்.

படகுக் குழாமில் முந்தின இரவுக் கொண்டாட்டத்தின் மிச்சம் கிடந்தது. கவிழ்ந்த நாற்காலிகள், நனைந்த ஜிகினாத் தாள். வாசல் மேசையில், கவுண்டர் பெண் உட்காரும் இடத்தில், மேலாளரே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கையில் ஓர் உறை.

“வாங்க மேடம். டைம் இன்னா ஆவுது?”

“அஞ்சி நாப்பத்தெட்டு.”

“இன்னைக்கு இன்னா தேதி மேடம்?”

இவர் என் பக்கம் திரும்பினார். நான் மேலாளரைப் பார்த்தேன். ஒன்றாம் தேதி என்று சொன்னால் அவர்கள் பதில் கெடு தாண்டி வந்தது; ஆனால் என் புதுப்பிப்பும் கெடு தாண்டி வந்ததாகிவிடும். முப்பத்தொன்று என்று சொன்னால் நான் ஜெயிப்பேன், கூடவே அவரும் ஜெயிப்பார். பையில் இருந்த இரண்டாவது கடிதம் வீண். அது நல்ல கடிதம். பழைய அலுவலகத்தில் என்றால் நகல் எடுத்து வைத்திருப்பார்கள்.

“முப்பத்தொண்ணு,” என்றேன்.

இவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

“அப்ப பதிலு டயத்துக்கு வந்துடுச்சி இல்ல மேடம்? ஹெட் ஆபீஸ் மெயிலு பன்னெண்டரைக்குத்தான் வந்துது. எல்லாரும் கேக்கு வெட்டிகினு இருக்கானுங்க, நா பிரிண்ட் எடுத்துகினு இருந்தேன். நீங்க ஆறுக்கு டாண்ணு வந்து நிப்பீங்கன்னு தெரியும். அதான் தூங்காம உக்காந்துகினு கீறேன்.”

“நீங்க டைம் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளு சார்,” என்றார் இவர்.

கடிதம் ஒரு பக்கம். விதி 2(இ)-இன்படி எங்கள் புதுப்பிப்பு நவம்பர் முப்பதாம் நாளிலேயே கோரப்பட்டதாக ஏற்கப்படுகிறது. பழைய சந்தாத் தொகை தொடரும். பதினான்கு மணி நேரமும் கணக்கில் சேர்க்கப்படுகிறது. கூடுதலாக வாங்கிய வாடகை வரும் வாரங்களில் கழிக்கப்படும். கடைசிப் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. உறுப்பினர்களுக்குக் குழப்பம் ஏற்படாதிருக்க, ஜனவரி ஒன்று முதல் அந்த உட்பிரிவு திருத்தப்படுகிறது. இனி நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை.

அந்தப் பத்தியை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய விதிகளின்படி மற்றவர்களின் நேரத்தை எழுதியவள் நான். ஒரு நிறுவனம் என் ஒருத்திக்காக விதியைத் திருத்த வேண்டி வந்தது அதுதான் முதல் முறை. அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார் இவர். மாட்டவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவேன்.

ஜனவரியில் ஞாயிறுகளோடு பொங்கல் விடுமுறையிலும் சேர்த்து ஓட்டினார். புது நாள்காட்டியை நான் மாட்டப் போனபோது, வேண்டாம் என்றார். நேரத்துக்குப் பெயர் போன வீட்டில் பிப்ரவரி முதல் வாரம் வரை நாள்காட்டி கிடையாது. பிறகு ஒரு காலை, ஆறு அடித்ததும், வலது கையை உயர்த்தி அவரே அதை ஆணியில் மாட்டினார். கடந்துபோன தாள்களை மொத்தமாகப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். மேலே ஒரு துணுக்கு தங்கவில்லை. அந்த இடத்தில் பென்சில் கோடு போடவில்லை, ஆணியே கோடு.

அது பிறகு. அன்று காலை படகுக் குழாமின் வாசலில், இவர் ஜாக்கெட்டின் பட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. செக்யூரிட்டி துடுப்புகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மேலாளர் கடிதத்தின் நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டார்.

“தேதி போட்டுடுங்க மேடம். நேரமும்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. கையெழுத்திட்டு, நேரத்தை எழுதி, அதன் கீழே எழுதினேன்: பதில் கிடைத்த தேதி, டிசம்பர் 31.